சோழமண்டலத்துக் கலைஞர் கிராமம்

சித்திரக்காரன் எதைக் கொண்டு ஜீவனம் நடத்துவது என்ற கேள்வி சித்திரக் கலையைப் போலவே பழமையானது. சோழர் காலத்துச் சிற்பிக்கும் ஓவியனுக்கும் கோயிலும் அரண்மனையும் சோறு போட்டன; தஞ்சையில் நாயக்கரும் மராட்டியரும் ஆண்ட நாட்களில் அரசவையும் செல்வர் வீட்டுப் பூஜை அறையும் அவர்களை ஆதரித்தன. அரசர்கள் போய், ஜமீன்களும் மறைந்து, கலைஞன் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தபோது, மனத்தில் தோன்றியதைத் தோன்றியபடி வரையலாம் என்ற சுதந்திரம் அவனுக்குக் கிடைத்ததே ஒழிய, வரைந்ததை விலை கொடுத்து வாங்க ஆள் கிடைக்கவில்லை.

இந்த நிலையில் அவனுக்கு எதிரே இரண்டு வழிகள் இருந்தன. பகலெல்லாம் ஓர் உத்தியோகத்தில் கழித்துவிட்டு, களைத்த கையோடு இரவில் தூரிகையை எடுப்பது ஒரு வழி. வாங்குகிறவர் எதை விரும்புவார் என்று ஊகித்து, அவர் ரசனைக்குத் தக்கபடி தன் சிருஷ்டியை வளைத்துக்கொள்வது மற்றொரு வழி. முன்னதில் உடல் தேய்கிறது. பின்னதில் கலையே தேய்கிறது. இவ்விரண்டையும் விட்டு மூன்றாவது வழி ஒன்று உண்டென்று சென்னைக் கலைஞர்கள் சிலர் ஒன்றுகூடிக் கண்டறிந்து, அதை வாழ்ந்தும் காட்டிய இடம்தான், திருவான்மியூரைத் தாண்டி மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் கலைஞர் கிராமம். 1966-ஆம் ஆண்டில் உருவான இந்தக் கிராமத்தைச் சாலையில் போகிறவர்களில் பலர் பெயர்ப்பலகை அளவில் அறிவார்கள். உள்ளே சென்று பார்த்தவர்கள் அவர்களில் ஒரு சிறு பகுதியே.

கிராமத்தின் கதை சென்னைக் கலைப் பள்ளியில் தொடங்குகிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்கும் அந்த ஸ்தாபனத்தை, அலெக்சாண்டர் ஹன்டர் என்ற ஐரோப்பிய வைத்தியர் 1850-இல் ஆரம்பித்தார். மேதைகளை உண்டாக்குவது அவருடைய நோக்கமல்ல. நல்ல கைத்தொழிலாளர்களை உண்டாக்குவதே நோக்கம். ஆகவே மண்பாண்டம், மரவேலை, உலோகவேலை போன்றவற்றுக்கே அங்கே முதலிடம் இருந்தது. பிற்காலத்தில் இந்தியக் கலையின் பெருமையை ஆங்கிலேயருக்கு எடுத்துரைத்த ஈ. பி. ஹாவெல், 1880-களில் இந்தப் பள்ளியின் தலைமைப் பொறுப்பேற்றுத்தான் முதன்முதலில் நம் நாட்டுக்கு வந்தார். பட்டறையும் பாடசாலையும் ஒன்றாக இருந்த அந்தப் பள்ளியில் சித்திரமும் சிற்பமும் பிரதான ஸ்தானம் பெற்றது 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமைக்கு வந்த பிறகுதான். மெரினா கடற்கரையில் பாறையை நெம்பி நிற்கும் நால்வரின் உழைப்பாளர் சிலை இருக்கிறதல்லவா, அதை வார்த்தவர் அவரே. 1957-இல் அவர் ஓய்வு பெற்றபோது, அவரிடம் பயின்றவரான கே. சி. எஸ். பணிக்கர் அவருக்குப் பின் பொறுப்பேற்றார்.

1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், தந்தி இலாகாவில் சில காலம் உத்தியோகம் பார்த்துவிட்டுக் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தவர். ஆகவே கலைக்கும் வயிற்றுக்கும் உள்ள வழக்கை அவர் பிறர் சொல்லி அறிய வேண்டியிருக்கவில்லை. 1944-இலேயே முற்போக்கு ஓவியர் சங்கம் என்ற அமைப்பைத் தோற்றுவித்து இளைஞர்களை ஒன்றுசேர்த்திருந்த அவர், பள்ளியின் தலைவரான பிறகு ஆண்டுதோறும் ஒரே காட்சியைக் கண்டார். திறமை மிக்க மாணவர்கள் பட்டயம் பெற்று வெளியேறுவார்கள். சிலர் விளம்பரக் கம்பெனிகளுக்கும் சிலர் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் வேலைக்கும் போவார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களில் யாரும் படம் வரைகிறவர்களாக இருக்க மாட்டார்கள். பம்பாயிலும் டில்லியிலும் நவீன ஓவியங்களை வாங்குகிற செல்வர்களும் அவற்றை விற்கிற கூடங்களும் தோன்றியிருந்த அந்த நாட்களில், சென்னையில் அந்தச் சௌகரியம் அநேகமாக இல்லை என்றே சொல்ல வேண்டும்.

பணிக்கர் கண்ட பரிகாரம் எளியது. பள்ளி ஏற்கெனவே கைத்தொழில் கற்றுக்கொடுக்கிறது. மாணவர்களுக்குக் கை இருக்கிறது. சித்திரம் வாங்க அஞ்சுகிறவர்கள்கூட அழகான துணியையும் பாத்திரத்தையும் நகையையும் வாங்கத் தயங்குவதில்லை. அப்படியானால் மாலை நேரங்களில் சேர்ந்து உட்கார்ந்து கைவினைப் பொருள்களைச் செய்வோம், அவற்றை விற்றுச் சோற்றுக்கு வழி தேடுவோம், சித்திரத்தை மட்டும் யாருக்காகவும் மாற்றாமல் வரைவோம் என்ற தீர்மானத்தோடு, கலைஞர் கைவினைச் சங்கம் ஒன்று அமைக்கப்பட்டது. அவர்கள் செய்த பொருள்களில் பாத்திக் என்ற மெழுகுச் சாயத் துணிக்கு நல்ல கிராக்கி ஏற்பட்டது. அந்த வருமானத்தில் சேர்ந்த பணத்தைக் கொண்டு, மணலும் சவுக்குமாக இருந்த கடலோர நிலத்தில் சுமார் பத்து ஏக்கரை வாங்கினார்கள். முப்பது நாற்பது கலைஞர்கள் அதில் பங்குகொண்டார்கள். மின்சாரமோ, சரியான போக்குவரத்தோ இல்லாத அந்த இடத்தில் முதலில் குடிசைகளும், பிறகு சிறு வீடுகளும், ஒரு பொதுப் பட்டறையும், காட்சிக்கூடமும், திறந்தவெளி அரங்கமும் ஒவ்வொன்றாக எழுந்தன. கிராமம் உருவான மறு ஆண்டு பணிக்கர் அரசாங்கப் பதவியிலிருந்து ஓய்வு பெற்று அங்கேயே வந்து சேர்ந்து, 1977-இல் காலமாகும் வரை அந்தக் கிராமத்துக்கு மூத்தவராக விளங்கினார்.

கூட்டுறவு என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1904-இல் திருவல்லிக்கேணியில் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கம், நல்ல அரிசியையும் பருப்பையும் நியாயமான விலைக்குக் குடும்பங்களுக்குக் கொண்டுசேர்த்தது. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ், நெசவாளிக்கும் உடுத்துகிறவருக்கும் நடுவில் நின்ற தரகின் பளுவைக் குறைத்தது. ஆனால் கலைஞர்கள், தனித்தனிக் குணமும் தனித்தனிப் பிடிவாதமும் உடையவர்கள் என்று உலகம் எண்ணியிருக்கும் அந்த ஜாதியார், ஒரு சங்கமாகக் கூடி நிலம் வாங்கி, வீடு கட்டி, கடையும் நடத்த முடியும் என்பதை அன்று நம்பியவர்கள் மிகக் குறைவு.

கலைஞர்கள் இப்படிக் கூடி நடத்தும் கூட்டுறவுக் காட்சிக்கூடத்துக்கும் சாதாரணக் கலை வியாபாரக் கூடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே சொல்லிவிடுவது நல்லது. வியாபாரக் கூடத்தின் முதலாளி, எது விலை போகும் என்று பார்த்துப் படங்களைத் தேர்ந்தெடுக்கிறார். சுவரும் விளக்கும் விளம்பரமும் அவருடையவை. ஆகவே விற்ற தொகையில் கணிசமான பங்கு அவருக்குப் போகிறது. அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் எதை மாட்டுவது, எதைக் கழற்றுவது என்ற அதிகாரம் அவர் கையில் இருக்கிறது. கூட்டுறவுக் கூடத்திலோ, சுவர் செய்தவர்களுக்கே சொந்தம். விற்றதில் ஒரு பகுதி பொதுச் செலவுக்குப் போக, மிச்சம் செய்தவருக்கே சேருகிறது. இந்த மாதம் ஒருவருடைய மண்பாண்டம் விற்றால், அடுத்த மாதம் மற்றவருடைய துணி விற்கிறது. அந்த வரவின் நிழலில், ஒருவரும் வாங்காத ஒரு பெரிய ஓவியம் சுவரில் நிம்மதியாகத் தொங்குகிறது. விற்காத படத்துக்கும் இடம் கொடுக்க முடிகிற கூடம் என்பதே அதன் விசேஷம்.

இனி, அந்தக் கிராமத்துக்கு உயிர் கொடுத்த பாத்திக் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கஞ்சி போக நன்றாக அலசிய பருத்தித் துணியில் முதலில் கோடாகச் சித்திரத்தை இட்டுக்கொள்கிறார்கள். தேன்மெழுகையும் பாரஃபின் மெழுகையும் சேர்த்து உருக்கி, வெள்ளையாக நிற்க வேண்டிய இடங்களில் எல்லாம் தூரிகையால் பூசுகிறார்கள். பின்பு துணியைச் சாயத்தில் முக்கினால், மெழுகு பூசிய இடங்களைத் தவிர மற்ற இடங்களில் நிறம் பிடிக்கிறது. சாயம் குளிர்ந்ததாகவே இருக்க வேண்டும். சூடான சாயமானால் மெழுகு கரைந்துவிடும். முதலில் மஞ்சள் போன்ற வெளிர் நிறம், உலர்ந்ததும் மஞ்சளாகவே நிற்க வேண்டிய பகுதிகளுக்கு மறுபடி மெழுகு, அதன் பிறகு சிவப்பு, மறுபடி மெழுகு, கடைசியில் கறுப்போ கருநீலமோ. எல்லாம் முடிந்தபின் துணியைக் கொதிநீரில் இட்டு மெழுகை உருக்கி எடுத்தால்தான் சித்திரத்தின் முழு உருவமும் செய்தவருக்கே தெரியவருகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தேன்மெழுகு நெகிழ்வானது, பாரஃபின் எளிதில் உடையக்கூடியது. பாரஃபின் மிகுந்த கலவையைப் பூசிய துணியைக் கையால் கசக்கினால் மெழுகில் நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. அவற்றின் வழியே சாயம் கசிந்து, வற்றிய ஏரித்தரையின் வெடிப்பைப் போன்ற ஒரு வலைப்பின்னல் சித்திரத்தின்மேல் படர்கிறது. எவ்வளவு கசக்குவது, எங்கே கசக்குவது என்பது கையின் அனுபவம். எந்த இரண்டு துணியிலும் அந்த வலை ஒரே மாதிரி விழுவதில்லை. ஒன்றுக்கொன்று அணுவளவும் மாறாத வெடிப்புகளோடு பத்துத் துணிகள் அடுக்கியிருந்தால், அது மெழுகு வேலையல்ல, யந்திர அச்சு வேலை என்று வாசகர் தயங்காமல் முடிவு செய்யலாம்.

பாத்திக் என்றதும் ஜாவாத் தீவையே எல்லோரும் நினைப்பார்கள். அங்கேதான் அது உச்சநிலை அடைந்தது. 1927-இல் இரவீந்திரநாத தாகூர் ஜாவாவுக்குச் சென்று வந்ததை அடுத்து, சாந்திநிகேதனிலும் அந்த வேலை வேரூன்றியது. ஆயினும், நீலச் சாயம் படக்கூடாத இடங்களை மெழுகால் மூடிக் காக்கும் வித்தையைச் சோழமண்டலக் கரையின் துணி ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாகக் கையாண்டு வந்திருக்கிறார்கள். அந்தத் துணிகள் கப்பலேறி ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் சென்று விலைபோயிருக்கின்றன. ஆகவே ஈஞ்சம்பாக்கத்துக் கலைஞர்கள் மெழுகுச் சட்டியை அடுப்பில் ஏற்றியபோது, அந்தக் கரைக்கு அந்நியமான ஒரு தொழிலை அவர்கள் இறக்குமதி செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை.

கைவினை அவர்களுக்குச் சோறு மட்டும் போடவில்லை. அவர்களுடைய கலையையே மாற்றியது. இதுதான் இந்தக் கிராமத்தின் சரித்திரத்தில் மிகவும் கவனிக்கத்தக்க அம்சம். பி. வி. ஜானகிராம், கோயில்களில் மூலவிக்கிரகங்களுக்கு உலோகத் தகட்டால் சார்த்தும் கவசங்களைப் போல, செப்புத் தகட்டை அடித்து வளைத்து, அதன்மேல் கம்பிகளைப் பற்றவைத்து, தெய்வ உருவங்களையும் மனித முகங்களையும் சிருஷ்டித்தார். பணிக்கரின் குமாரரான எஸ். நந்தகோபால், செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து, எனாமல் வண்ணமும் வெள்ளிப் பூச்சும் கொடுத்து, முன்புறமாக நின்று பார்க்கத்தக்க, கதை சொல்லும் சிற்பங்களைச் செய்தார். எஸ். ஜி. வாசுதேவ் செப்புத் தகட்டில் புடைப்புச் சித்திரங்கள் அமைத்தார். தகடு அடிக்கிற கையும் கற்பனை செய்கிற மனமும் ஒரே ஆளிடம் இருந்ததால் விளைந்த பலன் இது. கைத்தொழில் தாழ்ந்தது, கலை உயர்ந்தது என்ற பேதம் நம்முடைய ஸ்தபதிகளுக்குத் தெரியாத ஒன்று. ஐரோப்பியப் பாடத்திட்டத்தோடு வந்து சேர்ந்த அந்தப் பேதத்தை, கலைப் பள்ளியின் மாணவர்களே தங்கள் பட்டறையில் அழித்துக் காட்டினார்கள்.

இப்போது கிராமத்துக்குச் செல்கிறவர் காண்பது என்ன? சாலையின் இரைச்சலை விட்டு உள்ளே நுழைந்ததும், மரங்களுக்கு நடுவே திறந்தவெளியில் நிற்கும் கற்சிற்பங்களும் உலோகச் சிற்பங்களும் முதலில் கண்ணில் படும். அதன் பிறகு 2009-இல் திறக்கப்பட்ட சமகாலக் கலை மையம். அதில், கலைப் பள்ளியில் உருவாகி வளர்ந்த சென்னைக் கலை இயக்கத்தின் ஓவியங்களையும் சிற்பங்களையும் நிரந்தரமாக வைத்திருக்கும் காட்சிசாலை ஒன்று உண்டு. அவ்வப்போது கண்காட்சிகளுக்கு விடப்படும் கூடங்களும் உண்டு. கிராமத்தின் குடியிருப்பு வீடுகள் அதற்கு அப்பால் இருக்கின்றன. அவை மனிதர் வசிக்கும் வீடுகள், காட்சிப் பொருள்கள் அல்ல என்பதை வருகிறவர் மறக்கலாகாது.

நவீன ஓவியம் புரியாது என்று பயப்படுகிற சாமான்ய ரசிகர், அந்தக் காட்சிசாலையில் பணிக்கரின் படங்களிடமிருந்தே ஆரம்பிக்கலாம். 1963-இலிருந்து அவர் வரைந்துவந்த சொற்களும் குறிகளும் என்ற வரிசைப் படங்களில், ஜாதகக் கட்டங்களையும், யந்திரத் தகடுகளில் உள்ள கோடுகளையும், ஏட்டுச் சுவடியில் நெருக்கி எழுதிய எழுத்துகளையும் நினைவூட்டும் வடிவங்கள் பரந்து கிடக்கும். எழுத்துப் போல இருக்கும்; ஆனால் வாசிக்க முடியாது. வாசிக்க முயன்று தோற்றபிறகு, கண் தானாகவே அவற்றைக் கோடாகவும் நிறமாகவும் பார்க்கத் தொடங்குகிறது. பணிக்கர் எதிர்பார்த்ததும் அவ்வளவே. ஜெ. சுல்தான் அலியின் படங்களில் பழங்குடியினரின் உருவங்களும் காளையும் பாம்பும் முரட்டுத் தெம்போடு எழுந்து நிற்கின்றன. கே. ராமானுஜத்தின் மைச்சித்திரங்களிலோ, மாளிகைகளும் கோபுரங்களும் விசித்திரப் பிராணிகளும் நுண்ணிய பேனாக் கோடுகளால் அடர்ந்து, விக்கிரமாதித்தன் கதையில் வரும் ஏதோ ஒரு நகரத்துக்குள் நம்மை இட்டுச் செல்கின்றன. தமிழ்ச் சிற்றிதழ்களின் அட்டைகளில் கோட்டோவியங்கள் வரைந்து வாசகர்களுக்கு மிகவும் பழக்கமான கே. எம். ஆதிமூலமும் பணிக்கர் தலைமையில் இருந்த பள்ளியில் உருவானவர்தான். ஆகவே அந்தக் கோடுகளை ரசித்தவர்களுக்கு இந்தக் காட்சிசாலை அவ்வளவு அந்நியமாக இராது.

வாங்க விரும்புகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. கையால் செய்த பொருளின் விலையைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். எப்படிச் செய்தார்கள், எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்பதிலும் வெட்கம் வேண்டாம். அசல் ஓவியத்தை வாங்க வசதியில்லாதவர் அச்சோவியத்தைப் பார்க்கலாம். தாமிரத் தகட்டிலோ துத்தநாகத் தகட்டிலோ அமிலத்தால் அரித்து, கலைஞர் தம் மேற்பார்வையிலேயே கைப்பொறியில் எடுக்கும் பிரதி அது. அதன் அடியில் பென்சிலால் 3/25 என்று எழுதியிருந்தால், எடுத்த 25 பிரதிகளில் அது மூன்றாவது என்று அர்த்தம். பக்கத்தில் கலைஞரின் கையெழுத்தும் இருக்கும். புகைப்படம் பிடித்து யந்திரத்தில் அச்சிட்ட நகலுக்கும் இதற்கும் நிரம்ப வித்தியாசம் உண்டு. மண்பாண்டத்தைக் கையில் எடுத்து, அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்ப்பதும் நல்ல பழக்கம். குயவர் சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த தடமும், செய்தவருடைய முத்திரையும் அங்கேதான் இருக்கும்.

இவ்வளவு சொன்னதனால் இந்தக் கிராமத்தில் குறையே இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். ஆரம்பத்தில் பங்குகொண்ட பலர் அங்கே தங்கவில்லை. விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிஸுக்குப் போனார்கள். வாசுதேவ் பெங்களூருக்குப் போனார். அற்புதமான கற்பனை படைத்த ராமானுஜம், தனிமையும் மன வேதனையும் தாங்காமல் 1973-இல் இளம் வயதிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கூடி வாழ்வது எல்லாத் துயரத்துக்கும் மருந்தாகிவிடாது என்பதற்கு அது சாட்சி. ஓவியங்களுக்கு நல்ல விலை கிடைக்கத் தொடங்கியபின், ஒரு காலத்தில் எல்லோரையும் காத்த கைவினைப் பட்டறை தன் முக்கியத்துவத்தை இழந்ததும் இயல்பே. காலடியில் கிடந்த மணல் நிலமோ, நகரம் தெற்கே வளர வளர, பொன் விலை பெற்றுவிட்டது; ஸ்தாபகர்களின் தலைமுறை மறைந்துவரும் இந்நாளில், அவர்களுடைய வாரிசுகள் அனைவரும் கலைஞர்களாக இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பதும் நியாயமல்ல.

ஆயினும், அரசாங்க மானியத்தையோ செல்வர் ஒருவரின் தயவையோ நம்பாமல், தங்கள் கைத்திறத்தை மூலதனமாக்கி, ஒரு கலைஞர் குழு நிலமும் கூடமும் காட்சிசாலையும் உண்டாக்கி அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்திருக்கிறது என்பது சிறிய காரியமல்ல. கலைஞர்கள் தங்கள் சுதந்திரத்தைத் தாங்களே சம்பாதித்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய நிரூபணம் தென்னாட்டில் இல்லை என்பதே என் அபிப்பிராயம். இந்த வழி ஈஞ்சம்பாக்கத்தோடு நின்றுவிட வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. மதுரையிலும் கோவையிலும் கும்பகோணத்திலும் கவின் கலை பயின்றவர்கள் எத்தனையோ பேர், ஒவ்வொருவரும் தனித்தனியே வாடகைக்கும் வாய்ப்புக்கும் அலைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் பத்துப் பேர் கூடினால் ஒரு சிறு கூடத்துக்கு வாடகை கொடுக்க முடியும். வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கல்யாணத்துக்கும் கிருகப்பிரவேசத்துக்கும் பரிசு வாங்கும்போது, யந்திரம் வார்த்த பொம்மைக்குக் கொடுக்கும் பணத்தில், நம் ஊரில் நம் கண்முன் வாழும் ஒருவருடைய கைவேலையை வாங்குங்கள். மாமல்லபுரத்துக்குப் பல்லவர் சிற்பம் காணக் குடும்பத்தோடு போகிறவர்கள், போகிற வழியில் ஈஞ்சம்பாக்கத்திலும் ஒரு மணி நேரம் இறங்கிப் பாருங்கள்.